கயிற்றை யார் அவிழ்ப்பது?

மனநல வார்டில் ஆளைச் சேர்க்கும்போது ஒரு ட்ரே வைப்போம். செயின், ஊக்கு, பெல்ட், துப்பட்டா, ஷூ லேஸ் எல்லாம் கழற்றி அதில் போட வேண்டும். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ கழுத்தை இறுக்கிக்கொள்ளவோ உதவக்கூடிய எதுவும் நோயாளியிடம் இருக்கக் கூடாது என்பது விதி. நல்ல விதிதான். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஆட்கள் வந்தால் அந்த ட்ரேயில் கூடுதலாகச் சில சாமான்கள் சேரும். கறுப்புக் கயிறு, செப்புத் தாயத்து, மடித்த விபூதிப் பொட்டலம், சில நேரம் தர்காவில் ஓதிக் கொடுத்த நூல்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஓர் ஆச்சியைக் கூட்டி வந்தார்கள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு மாதமாகச் சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. கழுத்தில் நீளமாக ஒரு சிவப்புக் கயிறு. நான் கத்தரியை எடுத்தேன். "ஆத்தா, அதை அறுத்துறாதே" என்றார். பல நாள் கழித்து அம்மா வாயைத் திறந்து பேசியதே அப்போதுதான் என்று மகன் பிற்பாடு சொன்னார். எனக்கு அது உறைக்கவில்லை. டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் இன்னும் இரண்டு அட்மிஷன் முடிக்க வேண்டும். அறுத்துவிட்டேன். ஆச்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். ராத்திரி வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை.

நைட் டியூட்டிக்கு வந்த இன்சார்ஜ் சிஸ்டர் ட்ரேயைப் பார்த்தார், அறுந்த கயிற்றைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். திட்டவில்லை. கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "ஆச்சி, இது எந்தக் கோயில் கயிறு?" என்று கேட்டார். நெடுநேரம் பதில் இல்லை. சிஸ்டரும் எழுந்து போகவில்லை. கடைசியில், "கொப்புடையம்மன்" என்று ஒரு முனகல் வந்தது. மகனுக்குப் போன் போயிற்று. டாக்டருக்கும் போன் போயிற்று. விடிந்ததும் மகன் கோயில் நடை திறக்கக் காத்திருந்து புதுக் கயிறோடு வந்தார். டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் இருந்த சிஸ்டர், அதை ஒற்றை இழையாகப் பிரித்து, இழுத்தால் பட்டென்று அறுகிற மாதிரி ஆச்சியின் மணிக்கட்டில் கட்டினார். பிறகு கேஸ் ஷீட்டை எடுத்து இரண்டு வரி எழுதினார். ஆச்சி அரை டம்ளர் கஞ்சி குடித்தார்.

கயிறு கட்டியதால் ஆச்சிக்குக் குணமாகிவிட்டது என்று கதை கட்ட வரவில்லை. அவருக்கு இருந்தது கடுமையான மனச்சோர்வு நோய். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் பிடித்தன. ஆனால் அந்த மாத்திரையை வாயில் போட்டுக்கொள்ள அவர் சம்மதித்தது அந்தக் கஞ்சிக்குப் பிறகுதான்.

நர்சிங் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடத்தில் இரண்டு தலைப்புகள் தனித்தனியாக வரும். ஒன்று, செவிலியத்தில் தலைமைப் பண்பு வளர்ப்பது. இன்னொன்று, மனநலப் பராமரிப்பில் ஆன்மிகத்தின் இடம். இரண்டையும் வெவ்வேறு ஆசிரியர்கள் வெவ்வேறு வருஷத்தில் நடத்துவார்கள். அந்த ராத்திரி இன்சார்ஜ் சிஸ்டர் செய்ததில் இரண்டும் ஒரே வேலையாக இருந்தன. அது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

தலைமை என்றதும் நமக்கு நாற்காலி ஞாபகம் வரும். ஸ்டாஃப் நர்ஸ், அப்புறம் சூப்பிரண்டு, அதிலும் கிரேடு இரண்டு, கிரேடு ஒன்று. சீனியாரிட்டி வந்தால் பதவி வரும். அது நிர்வாகம். வார்டில் டியூட்டி போடுவது, ஸ்டாக் பார்ப்பது, லீவு கொடுப்பது எல்லாம் அதில் அடங்கும். குறைத்துச் சொல்லவில்லை, அது இல்லாமல் வார்டு ஓடாது. தலைமை வேறு: எழுதி வைத்த உத்தரவு எதுவும் இல்லாத இடத்தில், நோயாளிக்கு எது நல்லது என்று யோசித்து, ஒரு முடிவெடுத்து, அதற்குப் பொறுப்பேற்பது. முந்தா நாள் வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கும் அது வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் இருப்பது அவள்தானே, சூப்பிரண்டு இல்லையே.

இதைப் பற்றிப் பேசியவர்கள் நிறையப் பேர். ஜேம்ஸ் மக்ரிகர் பர்ன்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1978-ல் தலைமையை இரண்டாகப் பிரித்தார். நீ வேலையைச் செய், நான் கூலியைத் தருகிறேன் என்ற கொடுக்கல் வாங்கல் தலைமை ஒன்று. கூட இருப்பவர்களையே வளர்த்து மேலே தூக்கிவிடும் தலைமை இன்னொன்று. தேர்வில் கேட்பார்கள், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதைவிட உபயோகமாக இருந்தது பாட்ரிசியா பென்னர் 1984-ல் முன்வைத்த ஐந்து படிகள். விமானிகளும் சதுரங்க ஆட்டக்காரர்களும் எப்படித் தேர்ச்சி பெறுகிறார்கள் என்று டிரைஃபஸ் சகோதரர்கள் ஆராய்ந்து சொன்னதை, செவிலியர்களுக்குப் பொருத்திப் பார்த்தார் அவர். புதியவர், கொஞ்சம் பழகியவர், திறன் உள்ளவர், தேர்ந்தவர், நிபுணர் என்று ஐந்து படி. புதியவருக்கு விதி மட்டும் தெரியும். நிபுணருக்கு அந்த ஆள் முழுசாகத் தெரிவார். கத்தரியோடு நின்ற நான் முதல் படி. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவர் ஐந்தாம் படி.

ஐந்தாம் படியில் நிற்பவர்கள் எல்லோரும் தலைவர்கள் ஆகிவிடுவதில்லை. கைராசிக்கார நர்ஸ் என்று பேர் வாங்கிய பலர், தாங்கள் எப்படிச் செய்கிறோம் என்பதைப் பக்கத்தில் நிற்கிறவளுக்குச் சொல்லவே மாட்டார்கள். எங்கள் சிஸ்டர் சொன்னார். டீ குடிக்கும்போது, "கயிறு கழுத்துல இருக்கக் கூடாதுன்னுதானேம்மா விதி? கையில இருக்கக் கூடாதுன்னு இல்லையே" என்றார். அவ்வளவுதான் பாடம். விதி எதற்காகப் போட்டது என்று அன்றுதான் யோசித்தேன்.

ஆன்மிகத்துக்கு வருவோம். அதையும் மதத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பூஜை, தொழுகை, ஜெபம் எல்லாம் ஆன்மிகத்துக்குப் போகும் வழிகள். ஆனால் மருத்துவத்தில் அந்தச் சொல்லுக்கு அகலம் ஜாஸ்தி. எதற்காக வாழ்கிறேன், எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், என்னைவிடப் பெரிய எதனோடு ஒட்டியிருக்கிறேன் என்ற கேள்விகளுக்கு ஒருவர் வைத்திருக்கும் பதில்தான் அது. ஆத்தங்குடியில் தரை ஓடு போடும் ஒருவர் எங்களிடம் இருந்தார். சாமி கும்பிடாதவர். "கோயிலுக்குக் கூட்டிப் போகட்டுமா?" என்று யாராவது கேட்டால் கோபம் வரும். ஆனால் கண்ணாடிப் பலகையில் அச்சை வைத்து, சாயக் கலவையை ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் ஊற்றுவதைச் சொல்லிக் காட்டும்போது அவர் கை நடுங்காது. அச்சைத் தூக்கிய பிறகு பூ கலையாமல் நிற்கிறதா என்று குனிந்து பார்க்கும் அந்த நொடியை அவர் விவரித்தால், சன்னிதியில் திரை விலகுவதை இன்னொருவர் சொல்வது போல இருக்கும். அவருடைய ஆன்மிகம் அங்கே இருந்தது. ஃபார்மில் 'மதம்: இந்து' என்று எழுதிய எங்களுக்கு அது தெரியாமல் போயிருக்கும்.

அதனால்தான் கேட்க வேண்டும் என்கிறேன். கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கிறிஸ்டினா புகால்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் 1996-ல் உருவாக்கியது, 'ஃபிகா' என்பார்கள். நம்பிக்கை எதில், அதற்கு வாழ்க்கையில் எவ்வளவு இடம், கூட நிற்கும் கூட்டம் எது, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நான்கு கேள்வி. பாடத்தில் இருக்கிறபடி கேட்டால் நம் ஊர் அப்பத்தா, "என்னம்மா பேசுற நீ?" என்பார். நாங்கள் கேட்பது இப்படி: "கஷ்டம் வந்தா மனசு எதைப் பிடிச்சுக்கும்?" அடுத்து, "அதுக்காக விரதம், நேர்த்திக்கடன் ஏதாச்சும் இருக்கா? மாத்திரை சாப்பிட அது இடைஞ்சலா?" பிறகு, "உங்களுக்குன்னு வந்து நிக்கிறவங்க யாரு?" பங்காளிகள், ஜமாஅத், சபை, இல்லை டீக்கடை நண்பர்கள், எதுவும் பதிலாக வரலாம். கடைசியாக, "இங்க இருக்கிற வரைக்கும் நாங்க என்ன பண்ணித் தரணும்?"

இரண்டாவது கேள்வியில் விரதத்தையும் மாத்திரையையும் நான் நுழைத்ததற்குக் காரணம் பழனி பாதயாத்திரை.

தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து கிளம்பி நத்தம், திண்டுக்கல் வழியாக நடந்து பழனி சேரும். அந்தப் பருவத்தில் இந்த வட்டாரத்து ரோட்டில் மற்ற குழுக்களும் சாரை சாரையாகப் போகும். எங்கள் ஓ.பி.யில் ஒரு தம்பி, இருமுனைக் கோளாறுக்கு (மனநிலை ஒரேயடியாக ஏறுவதும் இறங்குவதுமான நோய்) லித்தியம் என்ற மருந்து சாப்பிடுகிறவர், நாலு வருஷமாக நன்றாக இருந்தார். மாத்திரை வாங்க வந்தபோது புதிதாகச் சேர்ந்த நர்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "இந்த வருஷம் நடந்து போறேன் சிஸ்டர். உப்பில்லா விரதம். கால் வலிக்கு மாத்திரையும் வாங்கி வெச்சுட்டேன்" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

சாதாரண ஆளுக்கு இதில் ஒன்றுமில்லை. லித்தியம் சாப்பிடுகிறவருக்கு மூன்றும் சேர்ந்தால் ஆபத்து. சிறுநீரகம் உப்பையும் லித்தியத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடத்தும். உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால், உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்து வைத்துவிடும். வெயிலில் நாள் கணக்கில் நடந்து வியர்த்தால் இன்னும் மோசம். போதாக்குறைக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாதிரியான வலி மாத்திரைகளும் ரத்தத்தில் லித்தியத்தின் அளவை ஏற்றும். கை வெடவெடவென்று நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுவது, நாக்குக் குழறுவது எல்லாம் அதற்கு அறிகுறி. பாதயாத்திரைக் கூட்டத்தில் இதைப் பார்த்தால் களைப்பு என்றுதான் நினைப்பார்கள்.

அந்தப் பெண் டாக்டரிடம் போய், "சார், ஒரு பேஷன்ட் நடக்கப் போறாராம்" என்று மட்டும் சொல்லியிருந்தால், "சரி, பார்த்துப் போகச் சொல்லும்மா" என்று பதில் வந்திருக்கும். தகவல் சொல்வதற்கு நான்கு படி உண்டு: இப்போது என்ன, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பழக்கத்தில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த முறை இது. முதல் இரண்டை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். மூன்றாவதும் நான்காவதும்தான் நம் பிள்ளைகளுக்குத் தொண்டையில் நிற்கும். டாக்டர் முன்னால் 'நான் நினைக்கிறேன்' என்று சொல்ல நாம் பழக்கவே இல்லை. இவள் சொன்னாள். "லித்தியம் ஏறிடும்னு பயமா இருக்கு சார். இன்னிக்கே ரத்தத்துல அளவு பார்க்கணும். வலி மாத்திரையை மாத்தணும். விரதத்தைப் பத்தி நீங்க அவர்கிட்ட பேசணும்." பேசினார்கள். போகாதே என்று யாரும் தடுக்கவில்லை. குழுவில் இருந்த பெரியவரையும் கூப்பிட்டுக் கேட்டதில், உடம்புக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு உப்பில் விலக்கு உண்டு என்று அவரே சொன்னார். வலிக்குப் பாராசிட்டமால், நேரத்துக்குத் தண்ணீர், கூடவே ஒரு மச்சான், கடைசி இரண்டு நாள் மட்டும் நடை. தம்பி முடியிறக்கிக்கொண்டு வந்து பஞ்சாமிர்தம் கொடுத்தார்.

ஒரு பக்திக் கேள்வி, ஒரு ரத்தப் பரிசோதனையில் போய் முடிந்தது. அன்றைக்கு அந்த அறையில் தலைமை தாங்கியவள் வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆன பெண்.

இனி சிக்கலான இடம். பக்தி எங்கே முடிகிறது, நோய் எங்கே தொடங்குகிறது? அய்யனாருக்குப் புரவி எடுக்கும் அன்று உடுக்கைச் சத்தத்தில் சாமி வந்து ஆடுகிறவருக்கு மனநோய் என்று எழுதினால் சிவகங்கை மாவட்டத்தில் பாதி ஊருக்குச் சீட்டு எழுத வேண்டியிருக்கும். அவர் ஆட வேண்டிய நேரத்தில் ஆடுகிறார், விபூதி போட்டதும் இறங்குகிறார், மறுநாள் வயலுக்குப் போகிறார். ஊரும் அதைப் புரிந்துகொள்கிறது. அதே ஆள் கோயிலும் கூட்டமும் இல்லாமல், வாரக்கணக்கில் தூங்காமல், 'நான்தான் சாமி' என்று குழந்தையை அடிக்கப் போனால் விஷயம் வேறு. எதை நம்புகிறார் என்பதைவிட, அந்த நம்பிக்கை அவர் தூக்கத்தை, சோற்றை, வேலையை, உறவை என்ன செய்கிறது என்று பாருங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும், ஊரின் மத நம்பிக்கைக்கு ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது என்கிறது. அதே சட்டம், சிகிச்சை இடத்தில் வழிபாட்டுக்கு நியாயமான வசதி தர வேண்டும் என்றும், கட்டாய மொட்டை கூடாது என்றும் சொல்கிறது.

இன்னும் கஷ்டமானது குற்ற உணர்வு. கயிற்று ஆச்சி பேசத் தொடங்கிய பிறகு திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "ரெண்டு வருஷமாப் படைப்புக்குப் போகலை. அதான் இப்படி." நகரத்தார் வீடுகளில் முன்னோருக்குப் பங்காளிகள் கூடிப் படைப்பது பெரிய காரியம். போகாதது அவருக்கு நிஜமான குறை. ஆனால் மனச்சோர்வு நோயும் பல நேரம் குற்ற உணர்வாகத்தான் வரும். அது வெறும் ஆளாக வராது, வீட்டுக்குத் தெரிந்த உருவத்தை எடுத்துக்கொண்டு வரும். இங்கே படைப்பு, குலதெய்வம்; இடைக்காட்டூர்ப் பக்கம் மாதா கோயில் வீட்டில் பாவசங்கீர்த்தனம். புதிதாக வந்த நர்ஸ் இரண்டில் ஒன்றைச் சொல்வாள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல ஆச்சி" என்றால் பேச்சு அதோடு செத்தது. "ஆமாம் ஆச்சி, சாமி குத்தமா இருக்கும்" என்றால் நோய்க்கு நீரூற்றியாகிவிட்டது. மூன்றாவது வழி கேள்விதான். "எப்போ இருந்து அப்படித் தோணுது ஆச்சி? ராத்திரியா, விடியக்காலையிலயா? அதை நினைச்சா இருக்கவே வேணாம்னு தோணுதா?" கடைசிக் கேள்வியைக் கேட்கப் பயப்படாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. வீட்டில் இருந்து படிக்கிறவர்கள், இப்படி ஒருவர் உங்கள் பக்கத்தில் இருந்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச எண், எந்நேரமும் எடுப்பார்கள்.

நம்பிக்கை தாங்கவும் செய்யும், அழுத்தவும் செய்யும். கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளர் இதைத்தான் வருஷக் கணக்கில் ஆராய்ந்தார். 'அம்பாள் கூட இருக்கா' என்று நினைப்பவரும் 'அம்பாள் என்னைத் தண்டிக்கிறா' என்று நினைப்பவரும் ஒரே சன்னிதியில்தான் நிற்பார்கள். கேஸ் ஷீட்டில் 'பக்தி உள்ளவர்' என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

மனநோயாளிகளைக் கூட்டிப் போகிற தர்கா இருக்கும் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி நம்மிலிருந்து ரொம்பத் தூரமில்லை. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, தர்காவை ஒட்டித் தனியார் நடத்திய ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. அதை வைத்து, கோயில் தர்கா பக்கமே போகக் கூடாது என்று பேசியவர்கள் அன்று நிறைய. மறு வருஷமே, 2002-ல், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த ரகுராமும் சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றின் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 பேரைப் பார்த்தார்கள். பெரும்பாலும் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய். சராசரியாக ஆறு வாரம் தங்கியதில் நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பயமுறுத்தாத, ஏற்றுக்கொள்கிற இடம் என்பதுதான் காரணமாக இருக்கும் என்று எழுதினார்கள். சின்ன ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. கோயில் இருக்க மாத்திரை எதற்கு என்று இதை எடுத்துக்கொண்டு யாரும் கிளம்பிவிடக் கூடாது. ஆனால் ஏர்வாடியில் ஆட்களைக் கொன்றது சங்கிலி, பிரார்த்தனை இல்லை என்பது இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால் தெரியும். சங்கிலி எந்த வடிவிலும் கூடாது என்று 2017 சட்டம் இப்போது வெளிப்படையாகவே தடுக்கிறது.

நர்ஸ் செய்யக் கூடாததும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தன் சாமியை நோயாளி மேல் ஏற்றக் கூடாது. கேட்காமல் ஜெபிக்கவோ விபூதி பூசவோ கூடாது. பேச விருப்பமில்லை என்றால் அதோடு விட்டுவிட வேண்டும்.

சரி, இதை எப்படிப் பயிற்றுவது? தலைமைப் பயிற்சி என்று வருஷத்துக்கு ஒரு நாள் ஹாலில் உட்கார வைத்து, ஸ்லைடு போட்டு, மத்தியானம் பிரியாணி போட்டு அனுப்புகிறார்கள். பிரியாணி நன்றாகத்தான் இருக்கும். தலைமை வளர்வது, ஷிஃப்ட் மாறும்போது அடுத்து வருகிறவர்களிடம் நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஓவர் கொடுக்கும் அந்தப் பத்து நிமிஷத்தில். அதனால் என் மாணவிகளை மாறி மாறி ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆக்குவேன், மூன்றாம் வருஷத்திலிருந்தே. தப்பு நடந்தால் யார் செய்தது என்று முதலில் கேட்க மாட்டேன், அந்த நேரத்தில் வார்டில் என்ன நெருக்கடி என்று கேட்பேன். இரண்டு அட்மிஷன் பாக்கி இருந்ததை அன்று என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நானே கத்தரிக் கதையைச் சொல்லியிருப்பேன். கேட்காததால் பத்து வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. ஓவரில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வரி 'எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்' என்று சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் 'சாமி கும்பிடுவார்' என்றே எல்லோரும் எழுதுவார்கள். அதை அடித்துவிட்டு மறுபடி போய்க் கேட்டு வரச் சொல்வேன். என்னைத் திட்டிக்கொண்டேதான் போவார்கள்.

போன மாதம் ஒருத்தி மூன்றாவது தடவையாகப் போய்விட்டு வந்து எழுதியது இது: "7-ஆம் பெட். விடியக்காலை நாலு மணிக்கு முழிச்சு வாசல் தெளிக்கணும்னு எழுந்திருக்கிறாங்க. தூக்கம் வரலைன்னு நேத்து ஊசி போட்டிருக்கு. கேட்டதுல, வீட்டுல நாப்பது வருஷமா அந்த நேரத்துக்குக் கோலம் போடுறவங்க. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், ஊசியைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேட்டிருக்கேன். காலைல வார்டு வாசல்ல போட கோலமாவு வேணும். யாராவது வாங்கிட்டு வரணும்."